ரெயில் பாதையைக் கடக்கும் வண்டிகள்



கிராமத்திலிருந்து சந்தைக்கும், சந்தையிலிருந்து கிராமத்திற்கும் செல்லும் சாலைகள் பல இடங்களில் ரெயில் பாதையைக் குறுக்கே கடக்கின்றன. நெல் மூட்டை ஏற்றிய மாட்டு வண்டி, கரும்பு ஏற்றிய டிராக்டர், பால்காரரின் சைக்கிள், குழந்தைகளை ஏற்றிய பள்ளிக்கூட வேன் ஆகிய யாவும் அவ்வழியே போகின்றன. கடக்கவேண்டிய தூரம் மிகவும் சொற்பம். கடக்கும் நேரமோ சில விநாடிகளே. ஆயினும், அச்சில விநாடிகளில் செய்யும் ஒரு பிழைக்குப் பரிகாரம் இல்லை. சாலையில் இரண்டு வண்டிகள் எதிர்ப்பட்டால் ஒன்று ஒதுங்கலாம். தண்டவாளத்தின்மேல் வரும் வண்டி ஒதுங்க இயலாது; நினைத்தவுடன் நிற்கவும் இயலாது. ஒதுங்க வேண்டியதும் நிற்க வேண்டியதும் சாலையில் வருகிறவரே.

தென்னிந்தியாவில் முதல் ரெயில் பாதை 1856-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 1-ந் தேதி ராயபுரத்திற்கும் வாலாஜா ரோட்டிற்கும் இடையே திறக்கப்பட்டது. ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாக ரெயிலோடு பழகிய மக்களுக்கு ரெயில் வரும் விதம் தெரியாதா என்று கேட்கலாம். பழகியதே இங்கு ஓர் அபாயம். பழைய ரெயில் வேறு. இப்பொழுது ஓடும் ரெயில் வேறு. பழைய ரெயிலை மனத்தில் வைத்துக்கொண்டு புதிய ரெயிலின் முன்னே வண்டியை விடுகிறவர் அநேகர்.

ஒரு துயரமான நிகழ்ச்சி

2025-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 8-ந் தேதி காலையில், கடலூருக்கு அருகிலுள்ள செம்மங்குப்பத்தில், பள்ளிக்கூட வேன் ஒன்று ரெயில் பாதையைக் கடக்கையில், விழுப்புரத்திலிருந்து மயிலாடுதுறைக்குச் சென்ற பாஸெஞ்சர் ரெயில் அதன்மேல் மோதிற்று. மாணவர்கள் மூவர் உயிர் துறந்தனர். அவ்விடத்தில் கேட் உண்டு, கேட்காரரும் உண்டு. ஆனால் அந்தக் கேட் சிக்னலோடு இணைக்கப்பட்டதன்று. இதன் பொருள் யாதென்பது பின்னர் விளக்கப்படும்.

இது தனி நிகழ்ச்சியன்று. 2014-ஆம் ஆண்டு ஜூலை 24-ந் தேதி தெலங்கானாவைச் சேர்ந்த மேதக் ஜில்லாவில் மாசாயிப்பேட்டையிலும், 2018-ஆம் ஆண்டு ஏப்ரல் 26-ந் தேதி உத்தரப் பிரதேசத்தில் குஷிநகர் ஜில்லாவிலும் பள்ளிக்கூட வண்டிகள் இவ்வாறே ரெயிலில் அகப்பட்டன. குஷிநகரில் மட்டும் 13 குழந்தைகள் மாண்டனர். அவ்விரண்டு இடங்களிலும் கேட்காரர் இல்லை. அத்தகைய காவலற்ற கிராஸிங்குகள் யாவும் இந்திய ரெயில்வேயின் அகலப் பாதைகளில் 2019-ஆம் ஆண்டு ஜனவரி மாத இறுதிக்குள் நீக்கப்பட்டன. சிலவற்றில் ஆள் வைக்கப்பட்டது, சிலவற்றிற்குப் பதிலாகச் சுரங்கப் பாதையோ மேம்பாலமோ அமைக்கப்பட்டது, சில அடைக்கப்பட்டன. இது பெரிய சீர்திருத்தம். எனினும், காவலுள்ள இடத்திலும் குழந்தைகள் மாளக்கூடும் என்பதைச் செம்மங்குப்பம் காட்டிற்று. ஆகையால் கேட் இருக்கிறது என்ற ஒரே நம்பிக்கையில் கண்ணையும் காதையும் மூடிக்கொண்டு வண்டியை ஓட்டுவது தகாது.

ரெயில் ஏன் உடனே நிற்பதில்லை

சாலையில் மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பஸ், ஓட்டுபவர் அபாயத்தைக் கண்டு பிரேக்கை அழுத்தினால், சுமார் 40 மீட்டருக்குள் நின்றுவிடும். ரப்பர்ச் சக்கரம் தார்ச்சாலையை இறுகப் பற்றுவதே இதற்குக் காரணம். ரெயிலின் சக்கரமும் எஃகு, தண்டவாளமும் எஃகு. வழவழப்பான எஃகின்மேல் எஃகு உருளும்போது உராய்வு மிகக் குறைவு. அக்குறைவினாலேயே ஓர் இஞ்சின் பல பெட்டிகளை எளிதாக இழுக்கிறது. அதே குறைவினாலேயே அதனை விரைவில் நிறுத்தவும் முடிவதில்லை. 24 பெட்டிகளைக் கொண்ட எக்ஸ்பிரஸ் ரெயில் ஆயிரம் டன்னுக்கு மேல் எடையுள்ளது. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் வரும் அத்தகைய ரெயிலின் டிரைவர் அவசர பிரேக்கைப் போட்டாலும், அது நிற்பதற்கு ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் செல்லும். டிரைவர் கண்ணுக்கு வண்டி தென்படும்பொழுது பெரும்பாலும் காலம் கடந்துவிட்டது என்றே கொள்ள வேண்டும். அவரால் அப்பொழுது ஊத முடியும்; பிரேக் போட முடியும்; மோதலைத் தடுக்க முடியாது.

கண்ணின் மயக்கமும் காதின் மயக்கமும்

தூரத்தில் வரும் ரெயிலைப் பார்த்து, "அது வருவதற்குள் போய்விடலாம்" என்று எண்ணுகிறவர்கள் தம் கண்ணை அளவுக்கு மிஞ்சி நம்புகிறார்கள். குறுக்கே ஓடும் பொருளின் வேகத்தைக் கண் ஒருவாறு மதிப்பிடும். நேரே எதிரில் வரும் பொருளின் வேகத்தை அவ்வாறு மதிப்பிட இயலாது. அதன் உருவம் சிறிது சிறிதாகப் பெருகுவது மட்டுமே தெரியும். அதுவும் முதலில் மிக மெல்லப் பெருகிக் கடைசியில் திடீரென்று பெருகும். அன்றியும், பெரிய உருவம் சிறிய உருவத்தைவிட மெதுவாக வருவதுபோல் தோன்றும். லீபோவிட்ஸ் என்னும் அமெரிக்க உளநூலறிஞர் 1985-ஆம் ஆண்டில் ரெயில்வே கிராஸிங் விபத்துக்களை ஆராய்ந்து இதனை விளக்கினார். இது ஒருவர் இருவருடைய பலவீனமன்று. எல்லார் கண்ணுக்கும் இயற்கையாக உள்ளது. கூரிய பார்வையுடையவரும் இதற்கு விலக்கல்லர்.

காதும் முன்போல் உதவுவதில்லை. கரி இஞ்சின் ஓடிய காலத்தில் ரெயில் வருமுன்னே புகை தெரியும், மூச்சிரைப்பு கேட்கும், தண்டவாள இணைப்புக்களின்மேல் சக்கரம் ஏறி இறங்கும் ஓசை எழும். இப்பொழுது பெரும்பாலான பாதைகளில் மின்சார இஞ்சின்கள் ஓடுகின்றன, புகையில்லை. தண்டவாளங்களை நெடுந்தூரம் ஒன்றாகப் பற்றவைத்திருப்பதால் இணைப்போசையும் குறைந்துவிட்டது. எதிர்க்காற்று வீசினால் ஊதலும் மெலிந்தே கேட்கும். இந்நிலையில் டிராக்டரின் இரைச்சலுக்கு நடுவிலும், கண்ணாடிகளை ஏற்றிய மோட்டாரின் உள்ளேயும், பாட்டுக் கேட்கும் கருவியைக் காதில் செருகிக்கொண்டவருக்கும் என்ன கேட்கும்?

மேலும், 1992-ஆம் ஆண்டு முதல் இந்நாட்டு மீட்டர்கேஜ் பாதைகள் பல அகலப் பாதைகளாக மாற்றப்பட்டன. மெல்லச் சென்ற சிறு ரெயில்களைச் சிறு வயது முதல் பார்த்துப் பழகிய கண், அதே ஊரில் அதே கிராஸிங்கில் இன்று வரும் ரெயிலையும் அவ்வேகமுடையதாகவே கணக்கிடுகிறது. ரெயிலோ மணிக்கு 100, 110 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது. சில முக்கியப் பாதைகளில் 130 கிலோமீட்டர் வரையிலும் செல்கிறது.

சில எளிய கணக்குகள்

மணிக்கு 100 கிலோமீட்டர் செல்லும் ரெயில் ஒரு கிலோமீட்டரை 36 விநாடிகளில் கடக்கும்; ஒரு விநாடியில் சுமார் 28 மீட்டர் செல்லும். இதனை நினைவில் வைத்துக்கொண்டு பின்வரும் கணக்குகளைப் பார்க்கலாம்.

ஒற்றைப் பாதையில் தண்டவாளங்களுக்கிடையே உள்ள அகலம் 1.676 மீட்டர். பெட்டிகள் இருபுறமும் தண்டவாளத்திற்கு வெளியே நீண்டிருப்பதால், பக்கத்திற்கு இரண்டு மீட்டர் வீதம் சேர்த்து, ஆறு மீட்டரை அபாய எல்லையாகக் கொள்ளலாம். மாடுகளும் வண்டியும் சேர்ந்து ஆறு மீட்டர் நீளம். எனவே வண்டி முழுவதும் அபாய எல்லையைவிட்டு வெளியேற 12 மீட்டர் செல்ல வேண்டும். பாரம் ஏற்றிய மாட்டு வண்டி விநாடிக்கு ஒரு மீட்டர் நகரும். ஆகவே 12 விநாடிகள் ஆகும். அதற்குள் ரெயில் 330 மீட்டருக்கு மேல் வந்துவிடும்.

டிராக்டரும் டிரெய்லரும் சேர்ந்து ஒன்பது மீட்டர் நீளமானால், ஒற்றைப் பாதையைக் கடக்க 15 மீட்டர் செல்ல வேண்டும். நின்ற இடத்திலிருந்து முதல் கியரில் மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் புறப்பட்டால் 11 விநாடிகள் ஆகும். ரெயில் 300 மீட்டர் வந்திருக்கும். இரட்டைப் பாதையானால் இன்னும் ஐந்து மீட்டர் கூடும். 14 விநாடிகளுக்கு மேல் ஆகும். ரெயில் 400 மீட்டர் வந்திருக்கும்.

இக்கணக்குகளிலிருந்து விளங்கும் உண்மை ஒன்று உண்டு. வளைவோ, மேடோ, சீமைக்கருவேல மரங்களோ மறைத்து, பாதை 300 மீட்டர் தூரமே கண்ணுக்குத் தெரியுமானால், புறப்படும்பொழுது ரெயில் ஒன்றும் தென்படாவிட்டாலும் வண்டி கடந்து முடிப்பதற்குள் ரெயில் வந்துவிடலாம். "பார்த்தேன், ஒன்றும் வரவில்லை" என்பது மட்டும் போதாது. போதிய தூரம் பார்க்க முடிந்ததா என்பதே கேள்வி. வண்டி எவ்வளவு நீளமோ, எவ்வளவு மெதுவோ, அவ்வளவு அதிக தூரம் பாதை தெரிய வேண்டும்.

கேட் வேலை செய்யும் விதம்

கேட் இரண்டு வகைப்படும். சிக்னலோடு இணைக்கப்பட்ட கேட் முதல் வகை. இதில் கேட்டை மூடிப் பூட்டினாலன்றி ரெயிலுக்குச் செல்லும்படி சிக்னல் கிடைக்காது. சிக்னல் கொடுத்தபின் கேட்டைத் திறக்கவும் இயலாது. மனிதர் மறந்தாலும் யந்திரம் தடுக்கும். இணைக்கப்படாத கேட் இரண்டாம் வகை. இதில் ஸ்டேஷன் மாஸ்டர் டெலிபோன் மூலம் ரெயில் வருவதைக் கேட்காரருக்கு அறிவிப்பார். கேட்காரர் கேட்டை மூடியதாகப் பதில் கூறி, இருவரும் இரகசிய எண்களை மாற்றிக்கொள்வார்கள். அதன்பிறகே ரெயில் விடப்படும். இம்முறை முழுவதும் மனிதருடைய விழிப்பையும் உண்மையையும் பொறுத்தது.

செம்மங்குப்பம் விபத்துக்குப் பின், கேட்டைச் சிக்னலோடு இணைப்பதற்குரிய போக்குவரத்து அளவை 10,000-லிருந்து 3,500-ஆகக் குறைத்து, மேலும் பல கேட்களை இணைக்கும்படி ரெயில்வே மந்திரி உத்தரவிட்டார். ரெயில்களின் எண்ணிக்கையையும் சாலை வண்டிகளின் எண்ணிக்கையையும் பெருக்கி இவ்வளவு கணக்கிடப்படுகிறது. கேட்களில் காமிராக்கள் பொருத்தவும் கட்டளையிடப்பட்டது. இவை நல்ல ஏற்பாடுகள். ஆனால் வண்டியோட்டுபவர் ஒரு கேட்டைப் பார்த்தவுடன் அது இணைக்கப்பட்டதா, இணைக்கப்படாததா என்று அறிய முடியாது. ஆதலால் திறந்திருக்கும் கேட்டையும் அனுமதியாக மட்டுமே கொள்ள வேண்டும்; உத்தரவாதமாகக் கொள்ளலாகாது.

சட்டம் கூறுவது

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 131-வது பிரிவு காவலற்ற கிராஸிங்கைப் பற்றியது. மோட்டார் வண்டி ஓட்டுபவர் அங்கே வண்டியை நிறுத்த வேண்டும். கண்டக்டரோ, கிளீனரோ, உடன் வரும் ஆளோ இறங்கிப் பாதைவரை நடந்துசென்று, இருபுறமும் ரெயிலோ டிராலியோ வரவில்லை என்று தெரிந்துகொண்டு, முன்னே நின்று வண்டியைக் கடத்தி விட வேண்டும். அத்தகைய ஆள் இல்லாவிட்டால் ஓட்டுபவரே இறங்கிப் பார்க்க வேண்டும் என்று அப்பிரிவு விதிக்கிறது.

1989-ஆம் ஆண்டு ரெயில்வே சட்டத்தின்படி, காவலற்ற கிராஸிங்கை அஜாக்கிரதையாகக் கடப்பவருக்கு ஓராண்டு வரையிலும், சாலைக்கு மூடப்பட்ட கேட்டைத் தாமே திறப்பவருக்கு மூன்றாண்டு வரையிலும், கேட்டை உடைப்பவருக்கு ஐந்தாண்டு வரையிலும் சிறைத் தண்டனை விதிக்கலாம்.

காவலற்ற கிராஸிங்குகள் அகலப் பாதையில் நீங்கிவிட்டன; ஆகவே 131-வது பிரிவு பயனற்றுப் போயிற்று என்று கருதலாகாது. நிற்றல், இறங்குதல், பார்த்தல், முன்சென்று கடத்தல் என்னும் இந்நான்கும் எந்தக் கிராஸிங்கிலும் குழந்தைகளைக் காக்கும். கேட்டுள்ள இடத்தில் சட்டம் அதனைக் கட்டாயப்படுத்தாவிட்டாலும், பள்ளிக்கூட வேனில் செல்லும் உதவியாளர் ஒரு நிமிஷம் இறங்கி இருபுறமும் பார்ப்பதைத் தடுப்பவர் யாரும் இல்லை.

கடக்கும் முறை

கிராஸிங்குக்கு 200 மீட்டர் முன்பாகவும், பிறகு 50 முதல் 100 மீட்டருக்குள்ளும் எச்சரிக்கைப் பலகைகள் உண்டு. சிவப்புக் கரையுள்ள முக்கோணத்தில் கேட் வரைந்திருந்தால் காவலுள்ள இடம்; இஞ்சின் வரைந்திருந்தால் காவலற்ற இடம். முதற் பலகையைக் கண்டவுடனே வேகத்தைக் குறைக்க வேண்டும். பாட்டையும் பேச்சையும் நிறுத்திக் கண்ணாடியை இறக்கிவிட வேண்டும். டெலிபோனைத் தொடலாகாது.

கேட் மூடியிருந்தால் தம் பக்கத்திலேயே, வந்த வரிசையிலேயே நிற்க வேண்டும். எதிர்ப்பக்கத்துச் சாலையையும் அடைத்துக்கொண்டு நின்றால், கேட் திறந்தவுடன் இருபுறத்து வண்டிகளும் நடுப் பாதையில் முட்டிக்கொண்டு நகரமாட்டாமல் நிற்கும். தண்டவாளத்தின்மேல் வண்டி நிற்பதற்கு இதைவிட எளிய வழி வேறில்லை. மூடிய கேட்டின் கீழே சைக்கிளைச் சாய்த்து நுழைவதும், குழந்தையைத் தூக்கிக்கொண்டு குனிந்து செல்வதும் பல ஊர்களில் வழக்கமாகிவிட்டன. பெரியவர் செய்வதைச் சிறுவர் நாளை தனியே செய்வர்.

கேட் திறந்திருந்தாலும் ஒரு கணம் நின்று, வலப்புறமும் இடப்புறமும் மறுபடி வலப்புறமும் பார்க்க வேண்டும். பாதைக்கு அப்பால் தம் வண்டி முழுவதும் நிற்க இடமுண்டா என்று பார்த்துக்கொண்டே புறப்பட வேண்டும். முன்வண்டி நகரும் என்ற எண்ணத்தில் தண்டவாளத்தின்மேல் ஏறலாகாது. புறப்பட்டபின் பாதையின் நடுவில் கியர் மாற்றலாகாது. மாற்றும்போதுதான் இஞ்சின் நின்றுபோவது அதிகம். குறைந்த கியரிலேயே நிதானமாக அப்புறம் சென்றுவிட வேண்டும்.

இரட்டைப் பாதையில் ஒரு ரெயில் போனவுடனே புறப்படுவது பெரும் அபாயம். போகும் ரெயிலின் பின்னே, எதிர்த்திசையிலிருந்து மற்றொரு ரெயில் மறைந்து வரலாம். முதல் ரெயிலின் ஓசையே இரண்டாவதின் ஓசையை அடக்கிவிடும். முதல் ரெயில் வெகுதூரம் சென்று, இரு பாதைகளும் தெளிவாகத் தெரிந்தபின்னரே நகர வேண்டும்.

"இந்நேரத்தில் ரெயில் இல்லை" என்று கால அட்டவணையை நம்புதலும் தவறு. கூட்ஸ் வண்டிகளுக்குப் பொதுமக்கள் அறியும் அட்டவணை கிடையாது. ரெயில்கள் காலந்தாழ்ந்து வரும். ஸ்பெஷல் ரெயில்கள் விடப்படும். தனி இஞ்சினும் டிராலியும் எந்நேரமும் வரலாம்.

மாட்டு வண்டிக்கும் இருசக்கர வண்டிக்கும்

மாட்டு வண்டிக்காரர் கிராஸிங்குக்கு முன்னரே வண்டியை நிறுத்தி, பூட்டுக் கயிறும் கடையாணியும் சரியாக இருக்கின்றனவா என்று பார்ப்பது நன்று. வண்டியின்மேல் தூங்கிக்கொண்டு செல்வது எங்கும் கூடாது. இங்கு அறவே கூடாது. இறங்கி, மூக்கணாங்கயிற்றைப் பிடித்து, மாடுகளை முன்னின்று நடத்திச் செல்ல வேண்டும். ஊதல் கேட்டு மாடு மிரண்டால், மேலே உட்கார்ந்திருப்பவரால் ஒன்றும் செய்ய இயலாது. ஆடு மாடுகளை ஓட்டிச் செல்பவர் மந்தையை ஒன்றுசேர்த்து ஒரே தடவையில் கடத்த வேண்டும். முன்னே ஒருவரும் பின்னே ஒருவரும் இருப்பது உத்தமம்.

தண்டவாளத்தை ஒட்டிச் சக்கரத்தின் விளிம்பு செல்வதற்காக இரண்டு மூன்று விரற்கடை அகலமுள்ள பள்ளம் விடப்பட்டிருக்கும். வண்டியைச் சாய்வாக ஓட்டினால் சைக்கிளின் சக்கரமும் கால்நடையின் குளம்பும் அதில் சிக்கிக்கொள்ளும். மழையில் நனைந்த எஃகின்மேல் மோட்டார் சைக்கிள் சாய்வாக ஏறினால் வழுக்கும். ஆகவே நேர்க்குறுக்காகவே கடக்க வேண்டும்.

கரும்பு, வைக்கோல் பாரங்கள்

பல பாதைகளில் தலைக்கு மேல் 25,000 வோல்ட் மின்சாரம் பாயும் கம்பி ஓடுகிறது. இக்கம்பியைத் தொட்டால்தான் அபாயம் என்பதன்று. அருகில் சென்றாலே மின்சாரம் தாவும். அதனின்று இரண்டு மீட்டர் தூரம் விலகியிருக்க வேண்டுமென்பது ரெயில்வே விதி. இக்காரணத்தாலேயே கிராஸிங்கின் இருபுறமும் சாலைக்குக் குறுக்கே உயர அளவுச் சட்டம் நாட்டப்பட்டுள்ளது. வைக்கோற் போரோ கரும்புக் கட்டோ அச்சட்டத்தில் தட்டினால், பாரத்தை இறக்கிக் குறைக்க வேண்டும். சட்டத்தைத் தூக்கிப் பிடித்து நுழையலாகாது. பாரத்தின் உச்சியில் ஆட்களை உட்காரவைத்துக் கடப்பதும், நீண்ட மூங்கிலையோ இரும்புக் குழாயையோ நிமிர்த்திப் பிடித்து நடப்பதும் உயிருக்கு உலை வைக்கும் செய்கைகள். டிரெய்லரை மாட்டும் கொக்கியும் முளையும் உறுதியாக உள்ளனவா என்பதைப் புறப்படும் இடத்திலேயே பார்த்துக்கொள்ள வேண்டும்.

வண்டி நடுவில் நின்றுவிட்டால்

எவ்வளவு ஜாக்கிரதையாக இருந்தும் வண்டி தண்டவாளத்தின்மேல் நின்றுபோகலாம். அப்பொழுது செய்யவேண்டிய முதற்காரியம் ஆட்களை இறக்குவது, வண்டியைத் தள்ளுவதன்று. குழந்தைகளையும் முதியவர்களையும் இறக்கிப் பாதையைவிட்டு வெகுதூரம் அப்புறப்படுத்த வேண்டும். மாட்டு வண்டியானால் பூட்டை அவிழ்த்து மாடுகளை விட்டுவிட வேண்டும். பொருள்களை எடுக்க மறுபடி வண்டிக்குள் நுழையலாகாது.

இரண்டாவது காரியம் கேட்காரருக்கு உடனே அறிவிப்பது. இணைக்கப்பட்ட கேட்டில் அவர் சிக்னலைச் சிவப்பாக மாற்றக்கூடும். மற்ற இடத்தில் டெலிபோனில் ஸ்டேஷனுக்குச் சொல்வார். சிவப்புக் கொடியோடு ஓடி, தண்டவாளத்தின்மேல் 600 மீட்டரில் ஒரு வெடியும் 1,200 மீட்டரில் மூன்று வெடிகளும் வைப்பார். அவ்வெடிகளின்மேல் இஞ்சின் ஏறும்போது எழும் ஓசையைக் கேட்டு டிரைவர் ரெயிலை நிறுத்துவார். ரெயில்வேயின் 139 என்னும் டெலிபோன் எண்ணிலும் தெரிவிக்கலாம்.

கேட்காரருக்கு உதவியாகப் பிறரும் செல்லலாம். ரெயில் எப்பக்கமிருந்து வருமென்று தெரியாதாகையால், இருபக்கமும் ஒவ்வொருவர் ஓட வேண்டும். தண்டவாளத்தின் நடுவே ஓடாமல் ஓரமாகவே ஓட வேண்டும். பகலில் சிவப்புத் துணியை வீச வேண்டும். துணி கிடைக்காவிட்டால் இரண்டு கைகளையும் தலைக்கு மேல் உயரத் தூக்கிக் காட்ட வேண்டும். இரவில் எந்த விளக்கையானாலும் வேகமாக ஆட்டினால், அது நிற்கச் சொல்லும் அடையாளமென்று டிரைவர் அறிவார். ரெயில் நிற்க ஒரு கிலோமீட்டர் வேண்டுமென்பதால், வண்டியின் அருகே நின்று கையசைப்பதால் பயனில்லை. எவ்வளவு தூரம் ஓட முடியுமோ அவ்வளவும் ஓட வேண்டும். ஆட்கள் இறங்கிய பிறகும், எச்சரிக்கை அனுப்பிய பிறகும், ரெயில் தென்படாவிட்டால் மட்டும் வண்டியைத் தள்ள முயலலாம்.

சுரங்கப் பாதையில் வேறோர் அபாயம்

கேட்டுக்குப் பதிலாகச் சுரங்கப் பாதை அமைந்த ஊர்களில் ரெயில் அபாயம் நீங்கியது. தண்ணீர் அபாயம் வந்தது. 2021-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் புதுக்கோட்டை ஜில்லா துடையூரில், மழைநீர் தேங்கிய ரெயில்வே சுரங்கப் பாதையில் மோட்டார் மூழ்கி ஓர் உயிர் போயிற்று. கலங்கிய நீரின் ஆழம் மேலிருந்து தெரியாது. சுரங்கப் பாதையில் தண்ணீர் நின்றால், முன்னே ஒரு லாரி சென்றதைக் கண்டு பின்தொடரலாகாது. அடித்தளம் தெரியாவிட்டால் சுற்றுவழியே செல்ல வேண்டும்.

கிராமத்தார் கடமை

இவையெல்லாம் வண்டியோட்டுபவர் ஒருவரால் மட்டும் நிறைவேறத்தக்கவை அல்ல. கிராம சபை கூடும்பொழுது, தங்கள் ஊர்க் கிராஸிங்கைப் பற்றி மக்கள் விசாரிக்க வேண்டும். பார்வையை மறைக்கும் முட்புதர் வளர்ந்திருக்கிறதா? பாதைக்கு ஏறும் சாலை குண்டும் குழியுமாக இருந்து வண்டிகளை நிறுத்திவிடுகிறதா? எச்சரிக்கைப் பலகை சாய்ந்துவிட்டதா? உயர அளவுச் சட்டம் வளைந்திருக்கிறதா? இவற்றைக் குறித்துத் தீர்மானம் நிறைவேற்றி, ரெயில்வே அதிகாரிகளுக்கும் சாலை அதிகாரிகளுக்கும் அனுப்பலாம். பள்ளிக்கூட வேனில் உதவியாளர் இருக்கிறாரா, கிராஸிங்கில் அவர் இறங்கிப் பார்க்கிறாரா என்று பெற்றோர் கேட்க வேண்டும். ஒரு நாள் அவ்வேனில் தாமே சென்று பார்த்தால் இன்னும் நலம்.

கடைசியாக ஒன்று. கேட்காரர் வெயிலிலும் மழையிலும் நள்ளிரவிலும் தனியே நின்று வேலை செய்பவர். ரெயில் இன்னும் வரவில்லையே, கேட்டைச் சிறிது திறந்துவிடக் கூடாதா என்று அவரை ஒருவர் கெஞ்சுவார், மற்றொருவர் மிரட்டுவார், ஊர்ப் பெரியவர் ஒருவர் தம் பெயரைச் சொல்லிக் கேட்பார். இன்று ஒருவருக்காகத் திறந்த கேட் நாளை எல்லாருக்காகவும் திறக்கும். திறக்க மறுக்கும் கேட்காரர் ஊருக்கு விரோதியல்லர். அவ்வூர்க் குழந்தைகளின் காவலர். மூடிய கேட்டின் முன் ஐந்து நிமிஷம் பொறுமையாக நிற்கும் ஊரார் அவருக்கு அளிக்கும் ஆதரவு, எந்த யந்திரத்திற்கும் குறைந்ததன்று.

ஐந்து நிமிஷத் தாமதத்தால் சந்தை கலைந்துவிடாது. பள்ளிக்கூடத்து மணியும் மறுநாள் அடிக்கும். வண்டியை நிறுத்தி, இறங்கிப் பார்த்து, வழி தெரிந்தபின் செல்லும் வழக்கம் ஒவ்வோர் ஊரிலும் வேரூன்றுமானால், காலையில் புத்தகப் பையோடு புறப்பட்ட குழந்தை மாலையில் வீடு திரும்பும்.